அண்டை வீட்டாரும் ஆலய வாசலும்

மனிதனுக்கு மனிதன் செய்யும் உதவியினும் சிறந்த செயல் உலகில் வேறொன்றில்லை என்பதை எல்லாச் சமயத்தாரும் ஒப்புக்கொள்வர். சமயமே வேண்டாமென்போரும் இதனை மறுப்பதில்லை. ஆயினும், உதவி என்று நாம் பெயரிட்டழைக்கும் ஒவ்வொன்றும் உதவிதானா என்பது ஆராயத்தக்கது. தூண்டிலிற் கோத்த புழுவும் மீனுக்கு உணவுதான். அதனை எறிந்தவனை மீனின் நண்பனென்று எவரும் சொல்வதில்லை. கொடுப்பவன் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்பதோடு, அக்கையின் பின்னே கயிறு ஏதேனும் தொங்குகிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

ஒரு கிறிஸ்தவ சபை தன்னைச் சூழ்ந்து வாழும் ஜனங்களை எவ்விதம் அணுகுதல் வேண்டும்? இவ்வினா சபையாருக்கு மாத்திரம் உரியதென்று நேயர்கள் எண்ண வேண்டாம். கோயில் நிர்வாகிகளும், மசூதிகளை நடத்துவோரும், சங்கம் வைத்துச் சீர்திருத்தம் பேசுவோரும் இதே கேள்விக்கு என்றேனும் ஒருநாள் விடை கூறியாக வேண்டும். எனினும் ஈண்டு கிறிஸ்தவ சபையை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. பிறனை நேசிக்க வேண்டுமென்பதை அச்சமயம் தன் தலையாய கட்டளைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அந்தப் பிறன் யாவன் என்று ஒருவன் கேட்டபோது, அதன் தலைவர் இலக்கணம் சொல்லாமல் ஒரு கதை சொன்னார். கள்வரால் அடியுண்டு வழியிற் கிடந்த ஒருவனைக் குரு ஒருவனும் லேவியன் ஒருவனும் கண்டும் காணாதவர்போல் ஒதுங்கிச் சென்றனர். இழிகுலத்தானென்று தள்ளப்பட்ட சமாரியன் ஒருவனே அவனைத் தூக்கிச் சென்று, காயங்கட்டி, சத்திரக்காரனிடம் பணமுங் கொடுத்தான். இது பலரும் அறிந்த கதை. ஆனால் அக்கதையில் இல்லாத ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. குணமடைந்தபின் என் கோயிலுக்கு வா என்று அச்சமாரியன் சொன்னதாக அதில் ஒரு வார்த்தையேனும் இல்லை. அவன் செய்ய வேண்டியதைச் செய்தான். தன் வழியே போனான்.

இரு வாசல்கள்

என் வாழ்க்கையிற் கண்ட ஒன்றை இவ்விடத்திற் கூறுதல் பொருந்தும். 1968ஆம் ஆண்டில், நாங்கள் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்திற் குடியிருந்தபோது, என் தந்தையார் காய்ச்சலில் இறந்தார். எனக்கு வயது பத்து. எனக்குப் பின் இருவர். தாயார் பால் வெட்டி எங்களைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அச்சமயம் பக்கத்துப் பட்டணத்திலிருந்து ஒரு சபையார் வந்தனர். சனிக்கிழமைதோறும் ஒரு பை அரிசியும் ஒரு டின் பாலும் கொடுத்தனர். நாங்கள் அதைத் தின்றோம், வளர்ந்தோம். அந்நன்றியை நான் மறைக்க விரும்பவில்லை.

மூன்றாம் மாதத்தில், அரிசி கொண்டுவந்தவர், "ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஏனம்மா வருவதில்லை?" என்று கேட்டார். தாயார், "எனக்கு அந்தச் சாமி தெரியாதுங்க ஐயா. அரிசிக்காக வந்து நின்றால் உங்கள் சாமியையும் ஏமாற்றினதாகும், என் சாமியையும் ஏமாற்றினதாகும்" என்றார். அவர் கோபிக்கவில்லை, சிரித்துவிட்டுத்தான் போனார். அடுத்த சனிக்கிழமை அரிசி வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. என் தங்கை மாத்திரம் சில வாரங்கள் வாசற்படியில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே தோட்டத்தின் எல்லையில், தகரக் கூரையிட்ட சிறு ஜெபவீடு ஒன்று இருந்தது. அது வேறொரு சபையைச் சேர்ந்தது. அங்கே ஒரு கிழ உபதேசியார் இருந்தார். அவரிடம் அரிசி இல்லை. அவருக்கே போதிய அரிசி இருந்ததோ என்பது சந்தேகம். 1969ஆம் ஆண்டில், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் பெற்றாக வேண்டுமென்ற சட்டம் அமலுக்கு வந்தது. முப்பது நாற்பது ஆண்டுகள் இந்நாட்டு மரங்களை வெட்டியவர்கள், தங்களுக்குக் காகிதம் இல்லை என்பதை அன்றுதான் அறிந்தனர். எழுதப் படிக்கத் தெரியாத அவர்கள் கலங்கி நின்றபோது, அவ்வுபதேசியார் ஜெபவீட்டு வாசலில் ஒரு மேஜையைப் போட்டார்; மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினார். மாலைதோறும் இரவு பத்து மணி வரையில் மனு எழுதினார். மாரியம்மன் கோயில் பூசாரிக்கும் எழுதினார். முஸ்லிம் கடைக்காரருக்கும் எழுதினார். என் தாயாருக்கும் எழுதினார். எழுதி முடித்தபின், "பத்திரமாக வைத்துக்கொள்ளம்மா, நனையவிடாதே" என்பதைத் தவிர வேறொன்றும் அவர் சொன்னதில்லை. சிலருக்குக் காகிதம் கிடைத்தது. கிடைக்காதவர்கள் கப்பலேறினர். அவர்களை வழியனுப்பவும் அவர் துறைமுகம் வரையில் சென்றார்.

அவர் இறந்தபோது நாங்கள் எவரும் அவருடைய சபையைச் சேர்ந்திருக்கவில்லை. ஆனால் அன்று தோட்டத்தில் பிரட்டுக்குப் போனவர்கள் சிலரே. சவப்பெட்டியைச் சுமந்தவர்களுள் நெற்றியில் நீறு பூசியவர்களும் இருந்தனர். இவ்விரண்டு வாசல்களில் ஜனங்களை அணுகியது எது என்று நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

கற்பள்ளத்தாக்கிற் சென்ற போதகர்

இது ஒரு மூலையில் நடந்த சிறு சங்கதியென்று எவரேனும் தள்ளிவிடலாம். ஆதலின் சரித்திரத்திற் பதிந்த ஒருவரைப் பார்ப்போம். பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில், வோஸ்க் மலைகளினிடையே, பான் தெ லா ரோஷ் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. ஜெர்மானிய மொழியில் அதன் பெயருக்குக் கற்பள்ளத்தாக்கு என்பது பொருள். பெயருக்கேற்ற நிலம், நெடிய குளிர், ஏழை ஜனங்கள், வெளியுலகோடு இணைக்கும் நல்ல பாதையும் இல்லை. இப்பள்ளத்தாக்கிற்கு 1767ஆம் ஆண்டில், வால்டர்ஸ்பாக் என்னும் ஊரிலுள்ள ஆலயத்தின் போதகராக ழான் பிரெதரிக் ஓபர்லின் வந்தார். அவருக்கு வயது அப்போது இருபத்தாறு. 1826ஆம் ஆண்டில் இறக்கும் வரையில், ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், அவ்விடம் விட்டு அவர் பெயரவில்லை.

வந்தவுடன் அவர் கண்டது என்ன? ஞாயிற்றுக்கிழமைகளில் சொர்க்கத்திற்கு வழி சொல்வது எளிதாயிருந்தது. திங்கட்கிழமை சந்தைக்குப் போக வழியில்லை. ஆகவே ஆற்றின்மேற் பாலம் கட்டவும், பாறையை உடைத்துப் பாதை போடவும் வேண்டுமென்று ஊராரை அழைத்தார். அவர்கள் இயலாதென்றனர். போதகர் தாமே கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே சென்றார். பின்னர் ஒவ்வொருவராக வந்தனர். பாதையும் உண்டாயிற்று, பாலமும் உண்டாயிற்று.

அவர் கையாண்ட மற்றொரு முறை இன்னும் நுட்பமானது. நல்ல உருளைக்கிழங்கு விதையும், எருவிடும் முறையும், பழமரம் ஒட்டுப்போடும் வித்தையும் ஊராருக்குக் கற்பிக்க அவர் விரும்பினார். பட்டணத்திற் பிறந்த போதகருக்குப் பயிரைப்பற்றி என்ன தெரியுமென்று குடியானவர் நகைத்தனர். அவர் வாதாடவில்லை. ஊரார் நாள்தோறும் நடக்கும் ஒற்றையடிப் பாதைகள் ஊடறுத்துச் சென்ற தம் சொந்தத் தோட்டங்களில் அவற்றையெல்லாம் பயிரிட்டார். மரங்கள் காய்த்தபோது வழிப்போக்கர் நின்று பார்த்தனர், பின்பு கேட்டனர், அதன்பிறகே அவர் சொல்லிக் கொடுத்தார். கேட்கும் முன் போதிப்பவன் ஆசிரியனாதல் அரிது. கேட்கும்படி வாழ்பவனே ஆசிரியன்.

அப்பள்ளத்தாக்கில் சாரா பான்செட் என்னும் இளம்பெண் சிறு குழந்தைகளைத் தன் வீட்டிற் கூட்டிப் பின்னல் வேலை கற்பித்து வந்தாள். ஓபர்லின் அம்முயற்சியைத் தமதென்று பறித்துக்கொள்ளவில்லை. அதனை ஆதரித்து, மற்ற ஊர்களிலும் பரப்பினார். பெற்றோர் வயலுக்குச் சென்ற நேரத்தில் குழந்தைகளைக் காத்து, பாட்டும் படமும் கதையுமாகக் கற்பிக்கும் பள்ளிகள் அவ்வாறு பிறந்தன. ஐரோப்பாவின் குழந்தைப் பள்ளிகளுக்கு இவை முன்னோடிகள் என்பர். நம் தோட்டத்து ஆயாக்கொட்டகையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். அவ்வேலையில் வாழ்நாள் முழுதும் உழைத்த லூயிஸ் ஷெப்ளர் என்னும் பணிப்பெண்ணுக்கு 1829ஆம் ஆண்டில் பிரெஞ்சு அகாதெமி பரிசளித்தது. கடனால் நசுங்கிய குடிகளுக்காக ஓபர்லின் ஒரு கடனுதவி நிதியும் ஏற்படுத்தினார்.

அவர் லூத்தரன் சபைப் போதகர். அக்காலத்தில் லூத்தரன் சபையாரும் கத்தோலிக்கரும் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கியவர்கள். ஆனால் அவர் போட்ட பாதையிற் கத்தோலிக்கனும் நடந்தான். நடக்குமுன் நீ எந்தச் சபையென்று பாலம் கேட்கவில்லை. அவர் பெயர் கடல் கடந்து சென்றது. 1833ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற ஒரு கல்லூரிக்கு அவர் பெயரை இட்டனர். நீக்ரோவர் என்று அக்காலத்தில் இழிவாக ஒதுக்கப்பட்ட கறுப்பின மாணவரை, 1835ஆம் ஆண்டிலேயே சேர்த்துக்கொள்ள முடிவு செய்த கல்லூரி அது.

தானமும் நியாயமும்

இதுவரையிற் கூறியது கொடுத்தலைப்பற்றி. ஆயின், ஏழைக்கு வேண்டுவது எப்பொழுதும் கொடையன்று. பல சமயங்களில் அவனுக்குச் சேரவேண்டியதே அவனுக்கு வேண்டும். இதனை உணர்ந்த ஒரு முதியவரைக் குறிப்பிட்டாக வேண்டும்.

1889ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் லண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலை நிறுத்தஞ் செய்தனர். அன்றாடம் வாசலில் நின்று, அழைக்கப்பட்டால் வேலை, இல்லையேல் பட்டினி என்ற நிலையில் வாழ்ந்தவர்கள் அவர்கள். மணிக்கு ஐந்து பென்ஸாயிருந்த கூலியை ஆறு பென்ஸ் ஆக்க வேண்டுமென்பது அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது. கம்பெனிகள் மறுத்தன. நாட்கள் வாரங்களாயின. அப்போது வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்க மேற்றிராணியாராயிருந்த கர்தினால் மானிங் எண்பத்தொரு வயதுக் கிழவர். அவர் தம் மாளிகையில் இருந்துகொண்டு இரு திறத்தாருக்காகவும் ஜெபித்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் அவ்வாறு செய்யவில்லை. கம்பெனி டைரக்டர்களிடம் சென்றார். தொழிலாளர் தலைவர்களிடம் சென்றார். பாப்லர் என்னுமிடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களோடு நெடுநேரம் அமர்ந்து பேசினார். செப்டம்பர் நடுவில் உடன்பாடு உண்டாயிற்று. ஆறு பென்ஸும் கிடைத்தது.

துறைமுகத் தொழிலாளருட் கத்தோலிக்கராகிய ஐரிஷ்காரர் பலர் இருந்தது உண்மையே. ஆனால் அவர் பெற்றுத்தந்த ஆறு பென்ஸ் கத்தோலிக்கருக்கு மாத்திரம் கொடுக்கப்பட்டதன்று. 1892ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது, லண்டன் ஏழைகள் தெருவில் திரண்டு நின்றனர். ஒரு சபை தன் அயலாரை அணுகுவதற்கு அரிசிப் பை ஒரு வழி. அவ்வரிசியைத் தானே வாங்கிக்கொள்ளும் கூலியை அவன் பெறும்படி அவன் பக்கத்தில் நிற்பது அதனினும் மேலான வழி. முன்னது வயிற்றை நிரப்பும். பின்னது முதுகை நிமிர்த்தும்.

ஆலயத்துள் எழுந்த சுவர்

வெளியே செல்வதற்கு முன் உள்ளே பார்த்துக்கொள்ள வேண்டியதும் ஒன்றுண்டு. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரில் 1872ஆம் ஆண்டில் ஒரு கத்தோலிக்கக் கோயில் எழுந்தது. அதன் அமைப்பு விசித்திரமானது. பீடம் ஒன்று, அதனை நோக்கி இரண்டு தனித்தனி மண்டபங்கள். ஒன்றில் ஒரு ஜாதியார். மற்றொன்றில் வேறு ஜாதியார். ஒருவரையொருவர் பாராமலே ஒரே கடவுளை இரு சாராரும் தரிசிக்கலாம்! கால்சட்டைபோல் இரு கிளையாக இருந்தமையின் அதனைக் கால்சட்டைக் கோயில் என்று பரிகசித்தனர். 1910ஆம் ஆண்டில் அப்பிரிவினைத் தடுப்பு அகற்றப்பட்டது. அதனைப் பொறாதவர்கள் நீதிமன்றம் ஏறினர், தோற்றனர்.

இது கத்தோலிக்கருக்கு மாத்திரம் உரிய குற்றமன்று. 1833ஆம் ஆண்டிலேயே கல்கத்தா ஆங்கிலிக்கன் அத்தியட்சர் டானியல் வில்சன், சபைகளுக்குள் ஜாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டுமென்று தென்னாட்டுச் சபைகளுக்கு நிருபம் எழுத நேர்ந்தது. அந்நிருபத்தைக் கேட்டுச் சபையை விட்டு வெளியேறினவர்களும் உண்டு; ஜாதியை விட்டு வெளியேறினவர்கள் சிலரே.

அயலானை வா என்று அழைக்கும் சபை, அவன் வந்தால் எந்த விசுப்பலகையில் உட்காருவான் என்பதையும் சொல்ல வேண்டும். கல்யாணப் பேச்சு வரும்போது, ஞானஸ்நானப் பெயரை விட்டுப் பாட்டன் பெயரைத் துருவும் வழக்கம் உள்ளவரையில், தெருவில் எத்தனை பை அரிசி கொடுத்தாலும் என்ன பயன்? கடல் தாண்டி வந்தோம், காடு வெட்டினோம், ஒரே லயத்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். ஆயினும் இச்சுவரை மாத்திரம் கப்பலிலேற்றிக் கொண்டுவந்தோம். இதிற் சபையார், சைவர், வைணவர் என்ற பேதமில்லை. சுவரை இடித்த சபையே அயலாரிடம் செல்லத் தகுதி பெற்றது. இடியாதது வெளியே போகுந்தோறும் தன் சுவரையும் சுமந்துகொண்டே போகும்.

மறுப்பும் விடையும்

இவ்விடத்தில் அறிவுடைய நண்பர் ஒருவர் மறுக்கலாம். "பசித்த குழந்தைக்குக் கொடுப்பவனுடைய நோக்கம் எதுவாயிருந்தால் என்ன? சோறு சோறுதானே?" என்பார். மெய்தான். சோற்றைத் தின்ற குழந்தையை நாம் குறை கூறவில்லை. எடுத்துக்கொண்ட தாயையும் குறை கூறவில்லை. 'அரிசிக் கிறிஸ்தவர்' என்றொரு ஏளனச் சொல் ஆசிய நாடுகளில் நெடுங்காலம் வழங்கியது. அவ்வேளனம் எப்பொழுதும் உண்டவன்மேலேயே எறியப்பட்டது. விலை வைத்தவன்மேல் எறியப்படவில்லை. இது அநீதி. பசித்தவன் சொல்லும் 'ஆம்' அவனுடைய 'ஆம்' அன்று. அவன் வயிற்றினுடைய 'ஆம்'. அதனை நம்பிக்கை என்று கணக்கெழுதும் சபை, பிறரை ஏமாற்றுவதற்கு முன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது.

மற்றொருவர் இன்னும் வலிய மறுப்பைக் கூறுவார். "என் சமயமே எனக்குக் கிடைத்த பெரும்பேறு என்று நம்புகிறேன். அரிசியைக் கொடுத்து அதனினும் பெரியதை ஒளித்துவைத்தால், அஃது அன்பாகுமா?" இவ்வினாவிலுள்ள நேர்மையை நாம் மதித்தல் வேண்டும். ஒளிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. சொல்லட்டும், பகல் வெளிச்சத்திற் சொல்லட்டும், வேண்டாமென்று கூறத்தக்க சுதந்திரமுள்ளவனிடம் சொல்லட்டும். பிள்ளைகளிடம் பெற்றோரறியாமலும், நோயாளியிடம் மருந்து கொடுக்கும் வேளையிலும், துக்க வீட்டில் பிணத்தருகேயும் சொல்ல வேண்டாம். இதற்கு ஒரே பரீட்சை போதும்: இன்று அவன் 'இல்லை' என்றால் நாளைக்கும் அரிசி வருமா? வருமென்றால் அது தருமம். வாராதென்றால் அது வியாபாரம். வியாபாரம் குற்றமன்று, ஆனால் அதற்கு ஆலயமென்று பெயரிடுதல் குற்றம்.

மூன்றாமவர், "இப்படிச் செய்தால் ஆலயம் நிரம்பாதே" என்று கவலைப்படுவார். கிறிஸ்துவின் சீடர்கள் உப்பைப் போன்றவர்களென்று நற்செய்தி நூல் கூறுகிறது. உப்பு ஜாடியில் நிறைந்திருப்பது உப்புக்குப் பெருமையன்று. கறியிற் கரைந்து காணாமற் போவதே அதன் பெருமை.

செய்யத்தக்கவை

ஆகவே என்ன செய்யலாம்? தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் வீட்டு மனைகளாகியும் போயின; லயத்து ஜனங்கள் நகரோரத்து அடுக்கு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். லயத்தில் ஒருவன் இருமினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். அடுக்கு மாடியில் ஒருவன் இறந்தாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரிவதில்லை. இத்தகைய இடங்களில் ஆலயத்து மண்டபம் வாரத்தில் ஆறு நாட்களும் பூட்டிக் கிடப்பது நியாயமாகுமா? மாலையிற் பிள்ளைகள் அமர்ந்து படிக்க விளக்கும் மேஜையும் கொடுக்கலாம். பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் இன்றி அலைவோருக்கு, பதிவிலாகாவுக்குத் துணைபோகும் ஓர் ஆள் கொடுக்கலாம். குடியால் அழியும் வீட்டில், குடிப்பவனை வையாமல் அவன் மனைவிக்குப் பக்கத்தில் உட்காரலாம். தனித்திருக்கும் முதியவர் கதவை வாரமொரு முறை தட்டலாம். இவை எல்லாவற்றிற்கும் முன்பாக, உங்களுக்கு என்ன வேண்டுமென்று அவர்களையே கேட்கலாம். நாம் கொடுக்க விரும்புவது வேறு. அவர்களுக்கு வேண்டியது வேறு. மனு எழுதத் தெரிந்தவன் தேவைப்பட்ட இடத்தில் பழைய துணி மூட்டையை இறக்கினால் யாருக்கு என்ன லாபம்?

இறுதியாக நமக்கும் ஒரு வார்த்தை. பிறர் கண்ணிலுள்ள துரும்பை மாத்திரம் பார்த்தல் சீர்திருத்தமாகாது. நம் சங்கங்கள் கொடுக்கும் பள்ளிப் பையிலும், நம் தலைவர்கள் தீபாவளிக்கு வழங்கும் சீனி மூட்டையிலும் கயிறு இல்லையென்று சத்தியஞ் செய்ய முடியுமா? பெறுகிறவனை நிற்கவைத்துப் படமெடுப்பதும், வாக்குச் சீட்டை நினைத்துக் கொடுப்பதும், ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பதும் ஒரே தூண்டிலின் மூன்று முட்கள். வள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தது நம் அனைவருக்குமே.

ஆலயமாயினும் சங்கமாயினும், அதன் வாசல் எவ்வளவு அகலமென்பதை அளக்க, உள்ளே வந்தவர்களை எண்ண வேண்டுவதில்லை. 'இல்லை' என்று சொல்லிவிட்டுப் போன ஒரு விதவையின் வீட்டுப் படிக்கு, அடுத்த சனிக்கிழமை யார் போகிறார்கள் என்பதைப் பார்த்தாற் போதும். அப்படிக்கட்டில் ஒரு குழந்தை பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சகோதரர்களே, அதனைக் காக்கவிடாதீர்கள்.